கிட் ரெப்போவுக்கான சாவி யாரிடம் இருக்க வேண்டும்: கிரெடென்ஷியல் மேனேஜரா, எஸ்எஸ்எச் கீயா?

வடகரை:
எட்டுப் பேர் கொண்ட அணி. நான்கு விண்டோஸ், மூன்று உபுண்டு, ஒரு மேக். ரெப்போக்கள் (நிரல் சேமிப்பகங்கள்) கிட்ஹப்பில், எல்லாமே பிரைவேட். உபுண்டு மெஷின்களில் 'கிரெடென்ஷியல்.ஹெல்பர் = ஸ்டோர்' என்று போட்டிருக்கிறார்கள், அதாவது கிட்டுக்காக ரகசியங்களை வைத்துத் தரும் துணை நிரலாக (ஹெல்பர்) வெற்றுக் கோப்பில் எழுதும் 'ஸ்டோர்'. ஹோம் ஃபோல்டரில் '.கிட்-கிரெடென்ஷியல்ஸ்' கோப்பைத் திறந்தால் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான ரகசியச் சரம்) அப்படியே தெரிகிறது. இதை நிறுத்தியாக வேண்டும். எல்லோருக்கும், டோக்கனைப் பத்திரமாகச் சேமிக்கும் கிட் கிரெடென்ஷியல் மேனேஜர் (ஜிசிஎம்) போடலாமா, அல்லது எச்டிடிபிஎஸ்ஸை விட்டு, டோக்கனுக்குப் பதில் கீ ஜோடியால் நுழையும் எஸ்எஸ்எச்சுக்குப் போகலாமா? நிரலைத் தானாகத் தொகுக்கும் ஒரு பில்டு சர்வரும் உண்டு.

நெய்தல்:
ஜிசிஎம் போடுங்கள். விண்டோஸில் பெரும்பாலும் வேலையே இருக்காது, கிட் ஃபார் விண்டோஸ் நிறுவியிலேயே அது சேர்ந்து வருகிறது. டோக்கன் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜருக்குள் போய்விடும். மேக்கில் கீசெயினுக்குள் போகும்.

உபுண்டுவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டெப் கோப்பை நிறுவி, 'கிட்-கிரெடென்ஷியல்-மேனேஜர் கான்ஃபிகர்' ஓட்டி, புஷ் செய்தால் (மாற்றங்களைக் கிட்ஹப்புக்கு அனுப்பினால்), கிரெடென்ஷியல் ஸ்டோர் எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிடும். லினக்ஸில் ஜிசிஎம் தானாக எந்த இடத்தையும் தேர்ந்தெடுப்பதில்லை. டெஸ்க்டாப் உள்ள மெஷின் என்றால் இதைப் போடுங்கள்:

கிட் கான்ஃபிக் --குளோபல் கிரெடென்ஷியல்.கிரெடென்ஷியல்ஸ்டோர் சீக்ரெட்சர்வீஸ்

இது டெஸ்க்டாப்பின் ரகசியப் பெட்டகமான க்னோம் கீரிங் போன்றவற்றில் சேமிக்கும். திரை இல்லாத மெஷினில் வேலை செய்யாது, ஏனென்றால் கீரிங்கைத் திறக்கும் சாளரத்துக்கு அங்கே இடமில்லை. அங்கே 'ஜிபிஜி' (குறியாக்க மென்பொருள்) என்று கொடுத்து, அதைப் பயன்படுத்தும் பாஸ்வேர்டு பெட்டகமான 'பாஸ்' நிறுவி, ஒரு ஜிபிஜி கீ உருவாக்கி 'பாஸ் இனிட்' செய்ய வேண்டும். 'ஜிபிஜி_டிடிஒய்' மாறியை ஷெல் கோப்பில் ஏற்றுமதி செய்யவும் மறக்கக் கூடாது. மறந்தால் பாஸ்ஃபிரேஸ் (கீயைத் திறக்கும் ரகசியச் சொற்றொடர்) கேட்கும் இடமே வராமல் ஜிபிஜி தோற்றுப்போகும்.

கருங்கல்:
நான் இதை ஏத்துக்கல. திருடு போனா எவ்வளவு போகும்னு முதல்ல பாருங்க. ஜிசிஎம் பிரவுசர் வழியா கிட்ஹப்ல வாங்கற ஓஆத் டோக்கனுக்கு 'ரெப்போ', 'ஜிஸ்ட்', 'வொர்க்ஃப்ளோ' ஸ்கோப் (அனுமதி எல்லை) இருக்கு. அந்த டோக்கன் கையில இருந்தா ஏபிஐ வழியா வெப்ஹுக் (ரெப்போ நிகழ்வுகளை வெளி சர்வருக்கு அனுப்பற இணைப்பு) போடலாம், புது ஆளைக் கொலாபரேட்டரா சேர்க்கலாம். எஸ்எஸ்எச் கீ போனா ஃபெட்ச் (இறக்கறது), புஷ் அதோட சரி. அதுவும் பெரிய சேதம்தான், ஆனா ரெப்போ செட்டிங்ஸை அதால தொட முடியாது.

இன்னொண்ணு, கீ கோப்பையே பாஸ்ஃபிரேஸ் போட்டுப் பூட்டலாம். 'எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519 -ஏ 100' போதும். அந்த 100, பாஸ்ஃபிரேஸை ஊகிச்சு உடைக்கிறவங்களுக்கு ஒவ்வொரு முயற்சியையும் மெதுவாக்கும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்ல 'ஆட்கீஸ்டுஏஜென்ட் எஸ்' போட்டா முதல் தடவை பாஸ்ஃபிரேஸ் அடிச்சதும் கீ ஏஜென்ட்டுல (திறந்த கீயை நினைவுல வெச்சுக்கற நிரல்) ஏறிடும்.

விண்டோஸ்ல ஒரு சிக்கல் உண்டு, முன்னாடியே சொல்லிடறேன். ஓபன்எஸ்எஸ்எச் ஏஜென்ட் சர்வீஸ் ஆரம்பத்துல முடக்கப்பட்டிருக்கும், அதை ஆட்டோமேட்டிக்கா மாத்தணும். அதுக்கு அப்புறமும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் பாஸ்ஃபிரேஸ் கேட்டுக்கிட்டே இருந்தா, கிட் தன்னோட சேர்ந்து வந்த எஸ்எஸ்எச்சைக் கூப்பிடுதுன்னு அர்த்தம். அது விண்டோஸ் ஏஜென்ட்டோட பேசாது. 'கோர்.எஸ்எஸ்எச்கமாண்ட்' செட்டிங்ல சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ள இருக்கற ஓபன்எஸ்எஸ்எச் பாதையைக் கொடுத்துடுங்க.

நெய்தல்:
பாஸ்ஃபிரேஸ் போடலாம் என்பது சரி. எட்டுப் பேரும் போட்டார்களா என்று வடகரை எப்படிச் சரிபார்ப்பார்? சர்வருக்குப் போவது பப்ளிக் கீ மட்டும், பூட்டியிருக்கிறதா என்பது கிட்ஹப்புக்குத் தெரியவே தெரியாது. பாஸ்ஃபிரேஸ் இல்லாத கீ கோப்பும் அந்த '.கிட்-கிரெடென்ஷியல்ஸ்' கோப்பும் ஒன்றுதான். வட்டில் கிடக்கும், எடுப்பவர் எடுத்துக்கொள்ளலாம்.

காலாவதி என்பதும் எஸ்எஸ்எச் பக்கம் கிடையாது. கிட்ஹப்பில் கீ சேர்க்கும்போது முடிவுத் தேதி கொடுக்க முடியாது, ஓராண்டு பயன்படுத்தாமல் இருந்தால்தான் அவர்களே நீக்குகிறார்கள். ஸ்கோப் அகலம் என்கிற உங்கள் குறை நியாயமானது. அதற்கு ஃபைன்-கிரெய்ன்டு டோக்கன் இருக்கிறது: குறிப்பிட்ட ரெப்போக்கள், 'கன்டென்ட்ஸ்' அனுமதி மட்டும், 90 நாள் ஆயுள் என்று உருவாக்கி, ஜிசிஎம் கேட்கும் சாளரத்தில் பிரவுசருக்குப் பதில் டோக்கன் தேர்வில் ஒட்டிவிடலாம். ஒரே ரெப்போவுக்கு மட்டும் திறக்கும் எழுத்துரிமையை, ஒருவரின் சொந்தக் கணக்கில் சேர்த்த எஸ்எஸ்எச் கீயால் கொடுக்க முடியுமா?

முனையம்:
சண்டைக்கு நடுவில் ஒன்று விடுபடுகிறது, வடகரைக்கு அதுதான் முதலில் தேவை. 'கிரெடென்ஷியல்.ஹெல்பர்' ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் கொண்ட அமைப்பு. ஜிசிஎம் சேர்த்தால் பழைய 'ஸ்டோர்' தானாகப் போகாது.

கிட் ஹெல்பரோடு மூன்றே வேலை பேசுகிறது: 'கெட்' (கொடு), 'ஸ்டோர்' (சேமி), 'இரேஸ்' (அழி). புரோட்டோகால், ஹோஸ்ட் என்று வரிவரியாக அனுப்பும், யூசர்நேம், பாஸ்வேர்டு என்று வரிவரியாகத் திரும்ப வரும். 'கெட்' கேட்கும்போது வரிசையில் முதலில் இரண்டையும் கொடுக்கும் ஹெல்பரோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் லாகின் வெற்றி என்றால் பட்டியலில் உள்ள எல்லா ஹெல்பருக்கும் சேமிக்கச் சொல்லும் 'ஸ்டோர்' கட்டளையை அனுப்பும். ஆக, 'ஹெல்பர் = ஸ்டோர்' வரியை விட்டுவைத்துவிட்டு ஜிசிஎம் போட்டால், ஜிசிஎம் பத்திரமாக வாங்கிய புது டோக்கன் அதே வெற்றுக் கோப்பில் போய் உட்காரும். மாற்றிவிட்டோம் என்ற நிம்மதி மட்டுமே மிஞ்சும்.

முதலில் இதை ஓட்டுங்கள்:

கிட் கான்ஃபிக் --ஷோ-ஆரிஜின் --கெட்-ஆல் கிரெடென்ஷியல்.ஹெல்பர்

எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று காட்டும். சிஸ்டம், குளோபல், ரெப்போ என்று மூன்று இடத்திலும் இருக்கலாம். வெளியே நீக்க முடியாத வரி இருந்தால், குளோபலில் முதலில் வெற்று மதிப்புடன் ஒரு 'ஹெல்பர் =' வரி, அடுத்து 'ஹெல்பர் = மேனேஜர்'. வெற்று வரி அதுவரை சேர்ந்த பட்டியலைத் துடைத்துவிடும். பிறகு அந்தக் கோப்பை அழியுங்கள். அழித்தால் மட்டும் போதாது, அதிலிருந்த டோக்கன்கள் ஒவ்வொன்றையும் கிட்ஹப் செட்டிங்ஸில் போய் ரத்து செய்யுங்கள். பேக்கப்பில் அந்தக் கோப்பின் நகல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கருங்கல்:
முனையம் சொன்னதே என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்குது. ஹெல்பர்ங்கற ஏற்பாட்டுல நகரும் பாகங்கள் அதிகம். 2020 ஏப்ரல்ல வந்த சிவிஇ-2020-5260 (சிவிஇங்கறது பாதுகாப்பு ஓட்டைக்கான பதிவு எண்) இதே வரிவரியான பேச்சுலதான் இருந்தது. யூஆர்எல்லுக்குள்ள புது வரிக் குறியை ஒளிச்சு வெச்சா, ஒரு ஹோஸ்ட்டுக்கான பாஸ்வேர்டை வேற ஹோஸ்ட்டுக்கு அனுப்ப வைக்க முடிஞ்சுது. 2025 ஜனவரில கேரியேஜ் ரிட்டர்ன் குறியை வெச்சு அதே மாதிரி இன்னொண்ணு, அதுல ஜிசிஎம்மும் மாட்டுச்சு. எஸ்எஸ்எச்ல ரகசியம் மெஷினை விட்டு வெளியே போறதே இல்ல, கையெழுத்து மட்டும்தான் போகும். தப்பான சர்வருக்குப் போனாலும் அவங்க கைக்குக் கீ கிடைக்காது.

நெய்தல்:
ரகசியம் வெளியே போகாது என்பது எஸ்எஸ்எச்சின் உண்மையான பலம், அதில் மறுப்பு இல்லை. ஆனால் கிட் எஸ்எஸ்எச்சைக் கூப்பிடும் வழியிலும் ஓட்டை இருந்தது: 2017 ஆகஸ்டில் சிவிஇ-2017-1000117, ஹோஸ்ட் பெயரை '-' குறியில் தொடங்கி எழுதிய எஸ்எஸ்எச் யூஆர்எல்லால் கட்டளையே ஓட்ட முடிந்தது. இரண்டு பக்கமும் கிட்டைப் புதுப்பித்து வைப்பதுதான் தீர்வு. 2.48.1-க்குக் கீழே இருப்பவர்கள், தங்கள் வெளியீட்டுத் தொடருக்கு அந்த ஜனவரித் திருத்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸ்ட் கீ (சர்வர் தன்னை நிரூபிக்கும் கீ) விஷயத்தையும் மறக்க வேண்டாம். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது, அதன் பிரைவேட் கீ ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளிப்பட்டதால். தெரிந்த சர்வர்களின் கீகளை வைக்கும் 'நோன்_ஹோஸ்ட்ஸ்' கோப்பில் பழையதை வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. புதுக் கீயின் கைரேகையை (அதன் சுருக்கக் குறியீட்டை) ஒப்பிடாமல் வரியை நீக்கிவிட்டு 'எஸ்' (ஆம்) அடிப்பவர்களுக்கு எஸ்எஸ்எச் என்ன பாதுகாப்பு தரும்?

வடகரை:
இரண்டு பக்கமும் புரிகிறது. ஒருவருக்கு இரண்டு கிட்ஹப் கணக்குகள் உண்டு. புஷ் செய்தால் 'ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்' வருகிறது, ரெப்போ இருக்கிறது.

கருங்கல்:
தப்பான கணக்குல நுழைஞ்சிருக்கார். பிரைவேட் ரெப்போ பார்க்க உரிமை இல்லாதவங்களுக்கு அது இருக்கறதையே கிட்ஹப் சொல்லாது. எஸ்எஸ்எச்ல கணக்கைத் தீர்மானிக்கிறது கீதான், ஏஜென்ட் முதல்ல நீட்டற கீ எதுவோ அந்தக் கணக்கு. கான்ஃபிக்ல ரெண்டு ஹோஸ்ட் பெயர் வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் 'ஐடென்டிட்டிஃபைல்' கொடுத்து, 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி எஸ்' போடுங்க. கடைசி வரி இல்லேன்னா ஏஜென்ட்டுல இருக்கற எல்லாக் கீயும் போகும்.

நெய்தல்:
எச்டிடிபிஎஸ்ஸில் இன்னும் எளிது. ரிமோட் யூஆர்எல்லில் ஹோஸ்ட்டுக்கு முன்னால் பயனர்பெயரும் '@' குறியும் சேர்த்தால் ஜிசிஎம் அந்தக் கணக்கின் டோக்கனை மட்டும் எடுக்கும். 'கிரெடென்ஷியல்.யூஸ்எச்டிடிபிபாத் ட்ரூ' என்று கிட்ஹப்புக்குப் போடாதீர்கள், ரெப்போவுக்கு ஒரு தரம் லாகின் கேட்டு அலைக்கழிக்கும்.

முனையம்:
பில்டு சர்வருக்கு நீங்கள் இருவர் சொல்வதும் பொருந்தாது. அங்கே மனிதரின் கணக்கே இருக்கக் கூடாது, அவர் வேலையை விட்டுப் போன அன்று பில்டும் நின்றுவிடும். ஒரே ரெப்போ என்றால் படிக்க மட்டும் உரிமையுள்ள டிப்ளாய் கீ (ரெப்போவிலேயே சேர்க்கும் எஸ்எஸ்எச் கீ) போதும். ஒரு டிப்ளாய் கீயை இரண்டு ரெப்போவில் சேர்க்க கிட்ஹப் விடாது, அதனால் பல ரெப்போ என்றால் கிட்ஹப் ஆப் (மனிதர் கணக்கைச் சாராத தனி அடையாளம்) உருவாக்கி அதன் இன்ஸ்டலேஷன் டோக்கனை வாங்குங்கள். அதன் ஆயுள் 1 மணி நேரம். டோக்கனைக் குளோன் யூஆர்எல்லில் ஒட்டாதீர்கள், ரெப்போவின் கான்ஃபிக் கோப்பில் அப்படியே பதிந்துவிடும். சூழல் மாறியிலிருந்து படித்து 'எக்ஸ்-ஆக்சஸ்-டோக்கன்' என்ற யூசர்நேமோடு திருப்பிக் கொடுக்கும் நான்கு வரி ஹெல்பர் எழுதுங்கள். அது 'கெட்' வந்தால் மட்டும் பதில் தரட்டும். கூடவே 'கிட்_டெர்மினல்_ப்ராம்ப்ட்=0' வையுங்கள், டோக்கன் தவறினால் பாஸ்வேர்டுக்காகக் காத்துத் தொங்காமல் உடனே தோற்கும்.

டெவலப்பர் மெஷின்களுக்கு என் வாக்கு ஜிசிஎம்முக்கு, ஒரே காரணம்: பூட்டு போட்டார்களா என்று எட்டுப் பேரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கருங்கல்:
நான் இன்னும் எஸ்எஸ்எச் பக்கம்தான். பூட்டைக் கட்டாயமாக்கணும்னா ஓபன்எஸ்எஸ்எச் 8.2-லேர்ந்து 'இடி25519-எஸ்கே' வகை இருக்கு. யூஎஸ்பி சாவியைத் தொட்டாத்தான் கையெழுத்து விழும், கோப்பை நகலெடுத்தும் பிரயோஜனமில்ல. ஆளுக்கு ஒரு சாவி வாங்கற செலவு உண்டு. வடகரை, அலுவலக ஃபயர்வால் 22-ஐ மூடியிருந்தா 'எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம்' ஹோஸ்ட்டுல 443 போர்ட்டைப் பயன்படுத்தலாம்.

வடகரை:
டெவலப்பர்களுக்கு ஜிசிஎம், சர்வருக்கு ஆப் டோக்கன் என்று போகிறேன். மாறியதைச் சரிபார்க்க 'கிட் கிரெடென்ஷியல் ஃபில்' ஓட்டினால் போதுமா?

முனையம்:
டோக்கன் வருகிறதா என்று பார்க்கப் போதும்; 'ஹெல்பர் = ஸ்டோர்' வரி போய்விட்டதா என்று அறிய மேலே சொன்ன '--ஷோ-ஆரிஜின்' கட்டளையையும் மறுபடி ஓட்டுங்கள். 'ஃபில்' கேட்டதும் புரோட்டோகால், ஹோஸ்ட் இரண்டு வரியும் கொடுத்து ஒரு வெற்று வரி விடுங்கள். ஆனால் அது டோக்கனைத் திரையில் முழுசாகக் காட்டும். அந்த வெளியீட்டை அணியின் சாட்டில் யாரும் ஒட்ட வேண்டாம், திரையைப் பகிரும்போது ஓட்டவும் வேண்டாம்.