பேக்போர்ட் என்பதற்குத் தமிழ்ச் சொல்: ‘பின்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆண்ட்ராய்டு கெர்னல் (இயங்குதளத்தின் உட்கருவான நிரல்) திருத்தக் குறிப்புகளைத் தமிழாக்கும் பணியில், புதிய பதிப்பில் செய்த திருத்தத்தைப் பழைய பதிப்புக்கும் கொண்டுசெல்வதைக் குறிக்கும் பேக்போர்ட் என்னும் சொல்லுக்குப் பின்பெயர்ப்பு, பின்னொட்டு, பின்கொணர்வு என்று மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. மூன்றிலும் முதலில் நிற்கும் ‘பின்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், இச்சொல் எந்த வேலையைக் குறிக்கிறது என்பதை ஓர் உண்மை நிகழ்வின் வழியே பார்த்துவிடுவது நல்லது.

ஆண்ட்ராய்டில் ஒரு செயலி பிற செயலிகளோடும் கணினிச் சேவைகளோடும் பேசுவதற்குப் பைண்டர் என்ற இயக்கி கெர்னலுக்குள் இருக்கிறது. அதில் ஓர் இழை (செயலிக்குள் தனியே ஓடும் ஒரு வேலைத்தொடர்) வெளியேறும்போது அதற்குரிய நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும். ஆனால் அந்த நினைவகத்துக்குள்ளேயே இருந்த காத்திருப்பு வரிசையை, நிகழ்வுகளைக் கவனித்துச் சொல்லும் கெர்னல் வசதியான ஈபோல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. விடுவித்த இடத்தைப் பிறகும் தொடுகிற இந்தப் பிழையை, 2017 நவம்பரில் சிஸ்காலர் என்னும் தானியங்கிச் சோதனைக் கருவி கண்டுபிடித்தது. திருத்தமோ சில வரிகள்தாம்: வெளியேறும் இழையை ஈபோல் கவனித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, அப்படியானால் காத்திருப்போரை எழுப்பி அந்தத் தொடர்பை அறுத்துவிட வேண்டும். 2018 தொடக்கத்திலேயே அது லினக்ஸ் 4.14 நெடுங்காலப் பதிப்பிலும், ஆண்ட்ராய்டின் பொதுக் கெர்னல்களான 3.18, 4.4, 4.9 ஆகியவற்றிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் ஆண்ட்ராய்டின் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கையில் இடம்பெறாததால், ஏற்கெனவே மக்கள் கையில் இருந்த பல கைபேசிகளை அது சென்றடையவில்லை. 2019 அக்டோபரில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, பிக்சல் 2 உள்ளிட்ட கருவிகளில் அதே ஓட்டை திறந்தே இருப்பதையும், அது தாக்குதலுக்குப் பயன்படுவதற்கான அறிகுறிகள் இருப்பதையும் வெளியிட்டது. திருத்தம் எழுதப்பட்டிருந்தும், அதைப் பழைய பதிப்பு ஒவ்வொன்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பாதியில் நின்றதால் வந்த வினை இது. அந்த வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இனி ‘பின்’ பற்றி. காலத்தைக் குறித்துப் பெயர்ச்சொல்லோடு ஒட்டி வரும்போது தமிழில் அது பிந்தியதையே சுட்டும். பிற்காலம், பிற்பகல், பின்குறிப்பு, பின்விளைவு ஆகிய எல்லாமே பிறகு வருபவை. ஆகவே பின்பெயர்ப்பு என்பதைப் படிப்பவர், புதிய பதிப்புக்குப் பெயர்த்தல் என்றோ பிறகு செய்த பெயர்ப்பு என்றோ கொள்வார். நாம் சொல்ல வந்ததற்கு அது நேர் எதிர். பின்னொட்டு என்பது இலக்கணத்தில் வேரூன்றிய சொல்லாதலால் அதைத் தொடவே கூடாது. ‘பின்னோக்கி’ என்று திசையைச் சேர்த்துச் சொன்னால் பழையதை நோக்கி என்ற பொருள் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கலைச்சொல்லாகச் சுருக்கும்போது அந்தத் திசை உதிர்ந்துவிடுகிறது.

பழையதைச் சுட்ட நம்மிடம் ‘முற்’ இருக்கிறது. முற்காலம், முற்பகல், முற்பிறவி என்றால் யாருக்கும் ஐயம் வராது. எனவே முந்தைய பதிப்பை ‘முற்பதிப்பு’ என்று கொள்ளலாம். முதலில் ‘முற்பதிப்பேற்றம்’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். ஆனால் பதிவேற்றம் என்ற சொல் பரவிவிட்ட நிலையில், விரைந்து படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். மேலும், இது எடுத்து ஏற்றிவிடும் வேலையும் அன்று. புதிய கெர்னலில் இருக்கும் துணைச்செயற்கூறு பழையதில் இல்லாமலிருக்கலாம், பூட்டு வேறு இடத்தில் இருக்கலாம். அவற்றுக்கேற்ப வரிகளை மாற்றி, பொருந்தச் செய்தாக வேண்டும். ஆதலால் ‘முற்பதிப்புப் பொருத்தல்’ என்பதை முன்மொழிகிறேன். வினையாக்கும்போது, ‘இத்திருத்தம் 4.4-இல் முற்பதிப்புப் பொருத்தல் செய்யப்பட்டது’ என்று இழுக்காமல், ‘இத்திருத்தம் முற்பதிப்பான 4.4-இல் பொருத்தப்பட்டது’ என்று இயல்பாக எழுதிவிடலாம். ‘பொருத்தம்’ என்று மட்டும் முடிக்க வேண்டாம். அது ஒத்திசைவு என்ற பொருளுக்குப் போய்விடும்.

இதற்கு எதிர்த்திசைச் சொல்லும் எளிதில் அமைகிறது. தயாரிப்பாளர் பழைய கெர்னலில் தாம் செய்த மாற்றங்களைப் புதிய கெர்னலுக்குக் கொண்டுசெல்வது ‘பிற்பதிப்புப் பொருத்தல்’. ‘பின்பெயர்ப்பு’ என்ற சொல்லை ஏற்றிருந்தால் இந்த இடத்தில் நமக்குச் சொல்லே இருந்திருக்காது.

சொல் நீளம் என்ற குறை வரும் என்பதை அறிவேன். குறிப்புகளின் தலைப்பு வரியில் இடம் போதாத போது ‘முற்பொருத்தல்’ என்று சுருக்கலாமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு, ஏனெனில் பதிப்பு என்ற சொல் போனதும் எதற்கு முன் என்ற கேள்வி எழுகிறது. நடைமுறைக் குறிப்புகளில் இதை எழுதிப் பார்த்தவர்கள் ஓரிரு வாக்கியங்களை இங்கே இட்டால், அவற்றை வைத்து இந்தச் சுருக்க வடிவத்தை முடிவு செய்யலாம். ஒரு கிளையிலிருந்து வேண்டிய மாற்றத்தை மட்டும் எடுத்து இன்னொன்றில் சேர்ப்பதாகிய செர்ரி-பிக் என்பதற்கு வந்திருக்கும் ‘பொறுக்கி இணைத்தல்’ எனக்கு முழு உடன்பாடே.

அன்புடன்.