புதுப்பிப்பு: எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகை

சோமனூர் பக்கத்தில் உள்ள எங்கள் அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் என்எம்எம்எஸ் உதவித்தொகைக்கான தேர்வில் வெற்றி பெற்றதை முன்பு எழுதியிருந்தேன். பணம் எப்படி வரும் என்று பலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படும். ஆனால் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதல் ஆண்டு பதிவு செய்வதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பத்தைப் புதுப்பித்தாக வேண்டும். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் உதவித்தொகை நின்றுவிடும் என்பதைப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

வெற்றி பெற்றவர்களுள் ஒருத்தி விசைத்தறித் தொழிலாளியின் மகள். தறிக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் அவள் எண் தொடர்க் கணக்குகளை அடித்தும் திருத்தியும் போட்டுப் பார்த்திருந்ததை அவளுடைய அப்பா கொண்டுவந்து காட்டியபோது, எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி. இந்தத் தேர்வின் மனத்திறன் தாளில் 90 வினாக்களுக்கு 90 நிமிடங்களே உண்டு. அந்த வேகம் இப்படிப்பட்ட பயிற்சியால்தான் வரும்.

அடுத்த அணிக்குச் சனிக்கிழமை வகுப்புகள் தொடங்கிவிட்டன. பழைய வினாத்தாள்கள் வைத்திருப்போர் பள்ளியில் கொடுத்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.