மறு: பொருள்: தளமடைவா, தளமீட்டா?

நண்பர்களே,

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பியாக வேண்டும். பழைய பேஸ்பால் மட்டையாளர்களைப் பற்றியது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல் நிற்கிறது: ஆட வந்த முறைகளில் ஒருவர் எத்தனை முறை ஆட்டமிழக்காமல் தளம் (base, ஓடிச் சென்று நிற்கும் இடம்) ஏறினார் என்ற கணக்கின் (on-base percentage) தமிழ்ப் பெயர்.

> அடித்துவிட்டுத்தானே ஓடுகிறார்? ‘அடிவீதம்’ போதாதா?

போதாது. வாஷிங்டன் அணியின் எடி யோஸ்ட் 1956இல் பந்தை அடித்துத் தளம் ஏறிய ‘ஹிட்’ 119. வீச்சாளர் எல்லை தாண்டிப் போட்ட பந்துகளைத் தொடாமல் விட்டு, நான்கு சேர்ந்ததும் முதல் தளத்துக்கு நடந்தே போனது (இதைத்தான் ‘நடை’ என்கிறேன்) 151 முறை. ஹிட்டை மட்டும் எண்ணும் அடிச் சராசரி 0.231தான், நாம் பெயர் தேடும் கணக்கிலோ 0.412. பந்தை விடத் தெரிந்ததுதான் அவருடைய திறமை. அதற்கு ‘அடி’ என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> தளம் வடசொல். பாதம் பதியும் இடம் அடி. மரத்தடி, மலையடி என்கிறோம். யாப்பில் குறளடி, சிந்தடி உண்டு. ‘அடியடைவு’ என்போம்.

ஐயா, வேர் விளக்கம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ‘அடித்து அடியடைந்தார்’ என்று எழுதினால் பள்ளிப் பிள்ளை எங்கே நிற்பான்? இணையதளம், படைத்தளம் என்று புழங்கிவிட்ட சொல்லை இந்த ஓர் ஆட்டத்துக்காக ஏன் தள்ள வேண்டும்?

‘தளமடை வீதம்’ என்ற வினைத்தொகை எனக்கும் பிடித்திருந்தது. சேர்த்துப் படித்தால் ‘மடை’ திறந்துகொள்கிறது. ‘தளமடைவு’ என்றால் அந்தச் சிக்கல் குறைகிறது.

என் மனம் இருப்பது ‘ஈட்டு’ என்ற சொல்லில். தடுப்பாளர் பந்தை நழுவவிட்டதால் ஒருவர் தளம் ஏறினால் அது இந்தக் கணக்கில் சேராது. ஹிட், நடை, உடம்பில் பந்து பட்டுக் கிடைத்த தளம், இவை மட்டுமே சேரும். வெறுமனே அடைந்தது வேறு, ஈட்டியது வேறு. குறளும் ‘இயற்றலும் ஈட்டலும்’ என்று பிரித்துத்தான் சொல்கிறது. ‘தளமீட்டு’ என்பதைத் தளத்தை மீட்பதாகப் படிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இடைவெளி விட்டு எழுதலாம் என்பதைத் தவிர.

> விழுக்காடு ஏன் கூடாது?

டெட் வில்லியம்ஸின் வாழ்நாள் கணக்கு 0.482. இன்றுவரை அதுதான் உச்சம். இதை நூற்றுக்கு இத்தனை என்று ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்தான். அதனால் ‘வீதம்’. ‘விகிதம்’ என்றவர்கள் மன்னிக்கவும், அது எனக்கு இரண்டு எண்களின் ஒப்பீடாகவே கேட்கிறது.

2004ஐ மட்டும் பாருங்கள். இச்சிரோ 262 ஹிட் எடுத்துச் சாதனை படைத்தார். இந்த வீதம் 0.414. பாரி பாண்ட்ஸ் எடுத்த ஹிட் 135தான், நடை 232, வீதம் 0.609! கட்டுரையின் உயிரே இந்த இடம். சொல் இங்கே தடுக்கினால் வாசகர் கணக்கையே விட்டுவிடுவார்.

சரி, பெரும்பாலோர் கேட்ட ‘தளமடைவு வீதம்’ என்றே அனுப்புகிறேன். ‘ஈட்டு’ என்பதை நான் இன்னும் விடவில்லை. ‘நடை’ என்ற சொல்லில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நாளை இரவுக்குள் எழுதுங்கள்.