கையைத் தட்டினா முதுகு நிமிருது: 'தி மெனு' பார்த்த ஹோட்டல்காரங்க

(மூணு பேர் எழுதினது: ஒரு சமையல்காரர், ஒரு கஸ்டமர், ஒரு சர்வர். கதை முழுசா வெளியே வந்துடும். படம் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க.)

துபாய்ல ஒரு பெரிய ஹோட்டல் கிச்சன்ல மூணு வருஷம் 'கம்மி'யா இருந்தேன். கடைநிலை சமையல்காரனுக்கு அங்கே அதுதான் பேரு. சம்பளமும் பேருக்கேத்த மாதிரிதான். 'தி மெனு' (2022) படத்தை ரூம்ல ரெண்டு கிச்சன் ஆளுங்களோட பார்த்தேன். தலைமைச் சமையல்காரர் ஷெஃப் ஸ்லோவிக்கா வர்ற ரேஃப் ஃபைன்ஸ் படார்னு கையை ஒரு தட்டு தட்டுவார். சமையல்கட்டு மொத்தமும் 'யெஸ் ஷெஃப்'னு கத்தும். கட்டில்ல சாய்ஞ்சிருந்த எங்க மூணு பேர் முதுகும் தானா நிமிர்ந்துச்சு.

தனித் தீவுல ஒரு ரெஸ்டாரன்ட், சாப்பாட்டுக்குத் தலைக்கு 1,250 டாலர், ரொட்டியே இல்லாத ரொட்டித் தட்டு, இதெல்லாம் ஊரே பேசியாச்சு. எனக்கு அந்த உணவு விமர்சகி சீன்தான். சாஸ் திரிஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க. உடனே திரிஞ்ச சாஸையே ஒரு பெரிய கிண்ணம் நிறைய கொண்டுவந்து முன்னாடி வைப்பாங்க. பக்கத்துல ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

வெண்ணெய் சாஸ்ல சூடு கொஞ்சம் ஏறினாலே கொழுப்பு தனி, தண்ணி தனின்னு பிரிஞ்சிடும். ஒரு ஐஸ் கட்டியைப் போட்டு விடாம அடிச்சா பெரும்பாலும் சேர்ந்துடும். எங்க கிச்சன்ல ஒரு நாள் எனக்குச் சேரலை. எங்க ஷெஃப் கத்தவே இல்லை. சட்டியை என் கண்ணு முன்னாடி வெச்சு, சர்வீஸ் முடியற வரைக்கும் கழுவக் கூடாதுன்னுட்டார். நாலு மணி நேரம். ஓரத்துல மஞ்சளா கொழுப்பு உறையறதைப் பார்த்துக்கிட்டே மத்த தட்டெல்லாம் அடுக்கினேன்.

* * *

நான் சாப்பிடப் போற கோஷ்டி. வெட்கத்தோட சொல்றேன், படத்துல எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுற கஸ்டமர் டைலர் வருவானே, அது நான்தான். போட்டோ எடுக்காதீங்கன்னு சொன்னாலும் மேசைக்கடியில போனை வெச்சு எடுக்கிற ஆளு. ஒரு தடவை சர்வர் தம்பி தட்டைப் பத்தி விளக்கும்போது நடுவுல புகுந்து திருத்தினேன். "கரெக்ட் சார்"னு சிரிச்சான். வீட்டுக்காரி என்னைப் பார்க்கவே இல்லை. படத்துல ஸ்லோவிக் அவனை எழுப்பி "நீயே சமை"ன்னு ஷெஃப் கோட்டை மாட்டிவிடுவாரே, ஆட்டுக்கறி பாதி பச்சையா நிக்குமே, அந்த இடத்துல நான் படத்தை நிறுத்திட்டு தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

* * *

நான் சர்வர். ரெண்டாவதா எழுதின சாரை மாதிரி வாரத்துக்கு நாலு பேர் வருவாங்க, தப்பா எடுத்துக்காதீங்க சார். தக்காளி எந்தத் தோட்டம், நண்டு எந்தக் கடல்னு 11 தட்டுக்கு மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பேன். அதுல ஒண்ணைக்கூட வாயில வெச்சதில்லை. எங்களுக்கு அஞ்சு மணிக்குச் சோறும் கோழிக் குழம்பும்.

படத்துக்குத் தட்டுகளை வடிவமைச்சது டொமினிக் கிரென், சான் ஃபிரான்சிஸ்கோவுல ரெஸ்டாரன்ட்டுகளுக்குத் தர்ற மிச்லின் ஸ்டார் மூணு வாங்கின ஷெஃப். அதனால மேசை எல்லாம் அச்சு அசல். ஒண்ணுதான் நம்ப முடியலை: ஷெஃப் சொன்னாருன்னு மொத்த ஸ்டாஃபும் சேர்ந்து சாக ரெடியாம். எங்க கிச்சன்ல சம்பளம் ரெண்டு நாள் லேட்டானாலே கத்தியைக் கீழே வெச்சிட்டு பீடி குடிக்கப் போயிடுவாங்க.