அலாஸ்கா கப்பலில் எந்தக் கேபின்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வான்கூவரில் ஏறி சீவர்டில் இறங்கும் ஏழு இரவுப் பயணம். நானும் மனைவியும் எடுத்தது உள் கேபின், சன்னலே கிடையாது. அதே கப்பலில் சகலை குடும்பத்துக்குப் பால்கனி கேபின். நாங்கள் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்திருந்தார்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, “இவ்வளவு தூரம் போய்ப் பெட்டிக்குள்ளயா படுத்துக்கப் போறீங்க?” என்று சகலை கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் உள் கேபினின் குறையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. ஜூன் கடைசியில் ஜூனோ பக்கம் பகல் கிட்டத்தட்ட 18 மணி நேரம், எங்கள் அறையில் மட்டும் எப்போதும் நடுராத்திரி. முதல் நாள் விழித்து மணி பார்த்தால் ஒன்பதேகால். தீவுகளுக்கு நடுவே கப்பல் ஊர்ந்து போன அழகான பகுதி முழுவதையும் தூங்கியே கழித்திருக்கிறோம். மறுநாளிலிருந்து டிவியில் கப்பலின் முகப்புக் கேமரா ஓடும் சேனலைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் படுத்தோம். வெளியே விடிந்தால் திரையும் வெளுக்கும். அதுதான் எங்கள் சன்னல்.

இனி கிளேசியர் பே, பனியாறுகள் இறங்கும் விரிகுடா. அது துறைமுகம் இல்லை, யாரும் இறங்குவதில்லை. கப்பல் உள்ளே போய்த் திரும்பி வரும், அவ்வளவுதான். காலையில் சின்னப் படகில் வந்து ஏணியில் ஏறிய தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினார்கள். 1794-ல் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடாவின் வாயையே பனி அடைத்துக்கொண்டு நின்றதாம். இன்று கடலைத் தொடும் பனியைப் பார்க்க 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கிறது. காலை முழுக்க நாங்கள் கடந்து வந்த தண்ணீர் எல்லாம் அன்றைக்குப் பனி. இதைக் கேட்டபின் யாருக்கும் அறைக்குள் போகத் தோன்றவில்லை.

மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் ஒரு மணி நேரம்போல நின்றது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 250 அடி உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமாக ஒரு சுவர். இரண்டு பக்கத்தாரும் பார்க்கட்டும் என்று கேப்டன் கப்பலை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினார். அந்த நேரத்தில் சகலை எங்கே இருந்தார் தெரியுமா? மேல் தளத்தில், எனக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. “பால்கனியில ஒரு பக்கம்தான் தெரியுது” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி சிரித்துவிட்டாள்.

எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்றால் மறுபடியும் உள் கேபின்தான். ஆனால் அடுத்த கோடையில் அப்பா அம்மாவையும் கூட்டிப் போகிறோம். குழப்பமே அங்கேதான். நீங்கள் எதில் தங்கினீர்கள், என்ன ஆச்சு என்று சொல்லுங்களேன்.

*

“சன்னல் கேபின், ஓரளவு மறைப்பு உண்டு” என்று போட்டிருந்ததை நம்பி எடுத்தவன் நான். உள்ளே நுழைந்ததும் ஆசையாகத் திரையை விலக்கினேன். ஆரஞ்சு நிறம். வேறொன்றும் இல்லை. சன்னல் முழுக்க ஒரு லைஃப்போட்டின் முதுகு, அதற்கு மேலே ஒரு சாண் வானம்.

வயிறு எரிந்தது எப்போது என்றால், மூன்று அறை தள்ளித் தங்கியிருந்தவரின் கேபினை எட்டிப் பார்த்தபோது. அதே வகை, அதே கட்டணம். அவருடைய சன்னல் இரண்டு படகுகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் விழுந்திருந்தது, முழுக் கடலும் அவருக்குத்தான். கப்பலின் தள வரைபடத்தில் படகுகள் எங்கெங்கே தொங்குகின்றன என்று குறித்திருப்பார்கள். பதிவு செய்யும்போது அதை நான் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் கப்பல் பெயரையும் கேபின் எண்ணையும் போட்டுத் தேடி, முன்பு தங்கியவர்கள் எடுத்த படம் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.

இருந்தாலும் ஒன்று. உள் கேபின்காரர் சொன்ன கும்மிருட்டு எனக்கு இல்லை. படகுக்குப் பின்னாலிருந்தாவது வெளிச்சம் வந்தது. அப்புறம், அந்தப் படகுகளுக்கு நேர் கீழே கப்பலின் ஓரமாக ஒரு நடைபாதை. கேபினிலிருந்து இறங்கினால் ஒரு நிமிடத்தில் வெளிக்காற்று. வழியில் வரும் கெட்சிகன் துறைமுகத்தில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டரைத் தாண்டும் என்பார்கள், நாங்கள் போன அன்றும் ஊற்றியது. மேல் தளம் காலியாகிவிட்டது. நான் என் எதிரியான அந்த ஆரஞ்சுப் படகின் அடியிலேயே நனையாமல் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

சுருக்கமாக. “கேரண்டி” என்று மலிவாகக் கிடைக்கும் கேபினைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வகையை நாம் சொல்லலாம், எண்ணை அவர்கள்தான் தருவார்கள். எங்களுக்கு வந்தது கீழ்த் தளம், கப்பலின் மூக்கு நுனி.

வான்கூவர் தீவைத் தாண்டியதும் குவீன் ஷார்லட் சவுண்ட் என்று ஒரு திறந்த பகுதி வரும். அங்கே சில மணி நேரம் பசிபிக் அலை நேராக வந்து மோதும். நடுக்கப்பலில் இருந்தவர்கள் “ஆடிச்சா என்ன?” என்று கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க ஊஞ்சலில் இருந்தோம். நான்கு மாத்திரைகள் காலி. கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் மோட்டாரும் மூக்கில்தான் இருக்கிறது. கரை சேரும் ஒவ்வொரு விடிகாலையும் கட்டிலுக்கு அடியில் யாரோ கல் அரைப்பதுபோல ஒரு அதிர்வு.

என் அக்காவுக்கு வேறு கதை. நல்ல பால்கனி, ஆனால் நேர் மேலே நீச்சல்குளத் தளம். காலை ஐந்தரைக்கு நாற்காலி இழுக்கும் சத்தம். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளமாகப் பார்த்து எடுங்கள். பாக்கியெல்லாம் அப்புறம்.

*

பெற்றோரைக் கூட்டிப் போகிறவருக்காக எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் தகராறு. பால்கனி எடுத்தது அவருக்காகத்தான்.

முதலில் ஏஜென்ட் காட்டிய கேபின் இன்னும் கொஞ்சம் கீழ்த் தளத்தில் இருந்தது, விலையும் குறைவு. படத்தை உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அதன் முன்பக்கம் கண்ணாடி இல்லை, இரும்புத் தகடு. நின்றால் கடல் தெரியும், உட்கார்ந்தால் வானம் மட்டும்தான். உட்கார்ந்தே பார்க்கப் போகிறவருக்கு அது எதற்கு? வேண்டாம் என்றோம். கப்பலின் நடுவில், லிஃப்டுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்பு உள்ளதாக ஒன்று பிடித்தோம். இவ்வளவு பார்த்தும் ஒன்றைக் கோட்டை விட்டேன். பால்கனிக் கதவடியில் ஒரு வாசற்படி மாதிரி மேடு இருக்கிறது. அம்மா ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டினார். சக்கர நாற்காலி என்றால் அதற்கென்று உள்ள கேபின்களையே கேட்டு வாங்குங்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கிளேசியர் பேயில் நல்ல கோடையிலும் பத்துப் பதினைந்து டிகிரிதான், பனிக்குப் பக்கத்தில் போனால் இன்னும் குளிர். அம்மா கட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தார். எங்கள் கப்பலில் ரேஞ்சர் பேசியது அறை டிவியிலும் வந்தது, கதவைத் திறந்து வைத்தால் போதும். கப்பல் சுற்றியபோது அவர் பக்கம் பாதி நேரம் எதிர்மலைதான். அந்த நேரத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டாராம்.

நாங்கள் மேல் தளத்தில் என்ன செய்தோம்? எங்கேயாவது இடிபோல ஒரு சத்தம் வரும், கூட்டம் மொத்தமும் “அங்கே, அங்கே” என்று திரும்பும். திரும்பினால் பனி தண்ணீரில் விழுந்து அலைதான் மிச்சம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும், காதை நம்பினால் எப்போதும் தாமதம்தான். ஒரு மணி நேரத்தில் நான் முழுசாகப் பார்த்தது ஒன்றே ஒன்று. கீழே வந்து கேட்டால் அம்மா நான்கு என்றார். “நான் ஒரே இடத்தையே பார்த்துட்டு இருந்தேன். மொதல்ல விழும், அப்புறம்தான் சத்தம் வரும்” என்று எனக்குப் பாடம் வேறு.

இன்னொரு நாள் விடிகாலை ஐந்து மணிக்குத் திமிங்கிலம் பார்த்தேன் என்றார். நாங்கள் நம்பவில்லை. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி சத்தம், ஒரு வெள்ளைப் புகை, அப்புறம் கறுப்பாக ஒரு முதுகு. செல்போனில் படமும் எடுத்திருந்தார். படத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

*

கப்பலின் எந்தப் பக்கத்தில் கேபின் எடுப்பது என்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் இதில் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். வான்கூவரிலிருந்து வடக்கே ஒருவழிப் பயணம் என்றால் கரை பெரும்பாலும் வலப்பக்கம், தெற்கே வந்தால் இடப்பக்கம். சரி. ஆனால் நான் போனது சியாட்டிலிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் பயணம். பெரிய கப்பல்கள் அதில் வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமாக, திறந்த கடலில்தான் போகின்றன. முதல் ஒன்றரை நாள் எந்தப் பக்கம் இருந்தாலும் பார்க்க ஒன்றும் இல்லை. உள்வாய்க்கால்களில் நுழைந்தபிறகு இரண்டு பக்கமும் மலை. வாரக்கணக்கில் யோசித்தது வீண்.

துறைமுகத்தில் நின்றால் இன்னும் வேடிக்கை. ஜூனோவில் என் சன்னலுக்கு நேரே இன்னொரு கப்பலின் பால்கனிகள். ஸ்காக்வேயில் நேர் எதிரே பாறைச்சுவர். ஆனால் அந்தப் பாறையில் பழைய கப்பல்களின் பெயரும் சின்னமும் வரைந்து வைத்திருக்கிறார்கள், 1920-களிலிருந்தே. அதைப் படித்துக்கொண்டே ஒரு காலைப்பொழுது போயிற்று.

நான் தனியாகப் போகிறவள். இருவர் அறையில் தனியாகத் தங்கினால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையே கேட்கிறார்கள். அதனால் பால்கனியை மறந்துவிட்டுச் சாதாரணச் சன்னல். எனக்குக் குறையில்லை.

*

எல்லோருக்கும் நன்றி. இரும்புத் தகடு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அம்மாவிடம் அந்தத் திமிங்கிலக் கதையைப் படித்துக் காட்டினேன். “எனக்கும் ஒரே இடத்தைப் பார்க்கத் தெரியும்” என்கிறார்.

நேற்று ராத்திரி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பல கப்பல்களில் பால்கனி கேபினுக்கு எதிரே, நடைவழியின் மறுபக்கம், உள் கேபின்கள்தான் வரிசையாக இருக்கின்றன. அப்பா அம்மாவுக்கு நடுக்கப்பலில் பால்கனி, அதற்கு நேர் எதிரே எங்களுக்கு இருட்டறை. கதவைத் தட்டினால் ஓடிவிடலாம், விடிகாலையில் போய் அவர்கள் பால்கனியில் உட்கார்ந்தும் கொள்ளலாம். இப்படி ஒரு ஜோடி எட்டாம் தளத்திலும் ஒன்பதாம் தளத்திலும் காலியாக இருந்தது. ஒன்பதுக்குத்தான் மனைவி ஆசைப்பட்டாள். மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நீச்சல்குளம்.

எட்டையே போட்டுவிட்டோம்.