கப்பல் தடத்தை ஆழப்படுத்துதல்: சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பட்டர்வொர்த் வாசகர்

வணக்கம். பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் உள்ள எங்கள் வட்டாரச் சங்கத்தில், மெல்பர்ன் துறைமுகத்தின் கப்பல் தடங்கள் ஆழப்படுத்தப்பட்டதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். கேட்க வருகிறவர்களில் கொள்கலன் முனையத்தில் வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள், கெராங் என்னும் சிப்பியை வளர்ப்பவர்களும் படகு வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். பெரிய கப்பல் வந்தால்தான் வேலை நிலைக்கும் என்று அண்ணன் சொல்ல, கடலடியைக் கிளறினால் பிடிப்பு போய்விடும் என்று தம்பி சொல்லும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

மதிப்பீட்டு அறிக்கைகள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். "பாதிப்பு தற்காலிகமானது, ஓரிடத்துக்கு உட்பட்டது" என்ற வாக்கியம் ஒவ்வொன்றிலும் வருகிறது. அது ஆராய்ந்து சொன்னதா, வழக்கத்துக்காக எழுதியதா என்பதைப் பொறியியல் படிக்காத ஒருவர் எப்படிக் கண்டுகொள்வது? அறிக்கையின் எந்தப் பகுதியை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், கோலாலம்பூர்

பாதிப்புகளைப் பட்டியலிடும் அத்தியாயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்காணிப்புத் திட்டத்தைத் திறந்து, எந்த அளவைத் தாண்டினால் தூர்வாரும் கப்பல் நிறுத்தப்படும் என்பது எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் அந்த அறிக்கையோடு வாதாட முடியும்; "தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மட்டும் இருந்தால் பிடித்துக் கேட்க ஒன்றுமில்லை.

மெல்பர்ன் இதற்கு நல்ல பாடம். 11.6 மீட்டர் வரை அமிழும் கப்பல்களே தடையின்றி வந்துபோன போர்ட் ஃபிலிப் விரிகுடாவில், 14 மீட்டர் அமிழும் கப்பல்களுக்கு வழி செய்வதுதான் திட்டம். 2004-இல் வெளிவந்த முதல் மதிப்பீட்டை ஆராய்ந்த சுயேச்சைக் குழு, அது போதாது என்று 2005-இல் சொல்லிவிட்டது. அதே ஆண்டில் ஒரு பெரிய தூர்வாரும் கப்பலைக் கொண்டுவந்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். விரிகுடாவின் வாயிலில் பாறையை உடைத்தபோது, துண்டுகள் பக்கத்திலிருந்த ஆழமான கடலடிப் பள்ளத்தில் உருண்டு விழுந்து, அங்கே சுவர்போல் நிற்கும் பாறைகளில் வளர்ந்திருந்த கடற்பஞ்சுகளைச் சேதப்படுத்தின. கணினியில் கணித்துக்கொண்டே இருப்பதைவிட, கடலில் இறங்கிச் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தது அதிகம் கற்றுத்தந்தது என்பது என் கருத்து. அதன் பிறகு 2007-இல் துணை மதிப்பீடு வந்தது. 2008 பிப்ரவரியில் தொடங்கிய வேலை 2009 நவம்பரில் முடிந்தது. ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் கன மீட்டர் மண் அள்ளப்பட்டது. திட்டத்தை எதிர்த்த அமைப்புகள் நீதிமன்றம் வரை சென்றும் வேலை நிற்கவில்லை. ஆனாலும் அவர்கள் விடாமல் கேட்டதால்தான் கண்காணிப்பு அவ்வளவு இறுக்கமானது என்று நம்புகிறேன். கலங்கலுக்கு வரம்பு வகுத்தார்கள். வேலையைக் கவனிக்கவே அரசு ஒரு தனி அலுவலகம் அமைத்தது.

கலங்கல் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் கூட்டத்தில் விளக்குவது நல்லது. உறிஞ்சும் வகைத் தூர்வாரும் கப்பல், பக்கவாட்டில் இறக்கிய குழாயால் கடலடியை இழுத்துத் தன் வயிற்றுத் தொட்டியில் கொட்டும். வருவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மணல் அடியில் தங்கியதும், மேலே நிற்கும் சேற்றுநீரை வெளியே வழியவிட்டால்தான் தொட்டி மணலால் நிறையும். அப்படி வழியும் நீரில் போகும் நுண்துகள் எளிதில் படியாது, நீரோட்டத்தோடு நெடுந்தொலைவு போகும். வழியவிடும் நேரத்துக்கு அறிக்கை கட்டுப்பாடு விதிக்கிறதா என்று தேடுங்கள். அதோடு, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சேற்றுத்திரையை (கலங்கல் பரவாமல் நீரில் தொங்கவிடும் திரை) கட்டிச் சமாளித்துவிடலாம் என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தத் திரை வேகமான நீரில் நிற்காது.

பதில்: ஜூரு கரை

ஐயா சொன்னதை ஏற்கிறேன். அதோடு எங்கள் பக்கத்துக் கவலையையும் சேர்க்க விரும்புகிறேன். "கெராங் சேற்றில் வாழும் உயிர்தானே, இன்னும் கொஞ்சம் சேறு என்ன செய்யும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மற்ற பல சிப்பிகளுக்கு நீரை இழுக்க நீண்ட குழல் உண்டு; கெராங்குக்கு அது கிடையாது. அதனால் அது சேற்றின் மேல்தோலிலேயே, ஓட்டின் விளிம்பு நீரைத் தொடும்படி கிடக்கிறது. அதன்மேல் புதிய வண்டல் படிந்தால், முதிர்ந்தது ஒருவேளை மேலேறி வரும். மணல்மணி போன்ற குஞ்சு அப்படியே புதைந்துபோகும். ஆகவே நீர் எவ்வளவு கலங்குகிறது என்ற அளவு எங்களுக்குப் போதாது. திட்டுகளின்மேல் எவ்வளவு கனத்துக்கு வண்டல் படியும், அது குஞ்சுகள் சேற்றில் வந்து விழும் பருவமா என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும்.

அள்ளிய மண்ணைக் கொட்டும் இடத்தையும் வரைபடத்தில் பாருங்கள். ஜூரு ஆறும் பிறை ஆறும் பல ஆண்டுகளாகத் தொழிற்பேட்டைகளின் கழிவைச் சுமந்துவந்த ஆறுகள். அவற்றின் முகத்துவாரத்துக்கு அருகே அடிச்சேற்றைக் கிளறுவது தூய மணலை அள்ளுவதைப் போன்றதல்ல. மெல்பர்னில் யாரா ஆற்றிலிருந்து எடுத்த மாசுபட்ட சேற்றைத் தனியே பிரித்து, கடலடியில் கரை கட்டி உள்ளே இட்டு, மேலே தூய மணலால் மூடினார்கள். நம் பக்கம் எந்த வேலை வந்தாலும் அதே கவனத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பதில்: தஞ்சோங் பூங்கா

முதல் பதிலில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நிறுத்தும் அளவு, வழியும் நீர் என்பனவெல்லாம் வேலை நடக்கும் மாதங்களைப் பற்றியவை. தடம் ஆழமானபின் நீர் ஓடும் விதமே மாறுகிறது, அந்த மாற்றம் நிலையானது.

ஹாம்பர்க் துறைமுகத்துக்காக எல்பே ஆற்றை ஆழப்படுத்திய திட்டத்தைப் பாருங்கள். அந்த ஆற்றங்கரையைத் தவிர உலகில் வேறெங்கும் வளராத ஒரு நீர்ச்செடிக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்பது உள்ளிட்ட குறைகளைக் காட்டி, லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2017-இல் திட்டத்தைத் திருத்தச் சொன்னது. 2019-இல் வேலை தொடங்கியது. 2022 தொடக்கத்தில் முழு ஆழமும் திறந்துவிடப்பட்டது; அந்த ஆண்டு முடிவதற்குள் வண்டல் சேர்ந்ததால் கப்பல்களுக்கு அனுமதித்த அமிழ்வைக் குறைக்க நேர்ந்தது. ஆழமான ஆற்றில் கடலேற்றம் வேகமாக உள்ளே வந்து, வண்டலைச் சுமந்து மேலேற்றுகிறது. இறங்கும் நீர் அவ்வளவையும் திருப்பிக் கொண்டுபோவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் எவ்வளவு பராமரிப்புத் தூர்வாரல் தேவைப்படும், அந்த மண் எங்கே போகும் என்ற கணக்கு இல்லாத மதிப்பீட்டைப் பாதி மதிப்பீடு என்றே சொல்வேன்.

பினாங்கு நீரிணை ஆறு அல்ல, இரு பக்கமும் திறந்தது. ஆகவே எல்பேயை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனால் தெற்கு வழியில் இரண்டு பாலங்கள் இருப்பதால் பெரிய கப்பல்கள் வடக்கு வழியாகத்தான் வருகின்றன. ஆழப்படுத்தும் பேச்சும் அந்தப் பக்கம்தான் எழும். நீரோட்டம் மாறினால் அதைக் கணிக்கும் வரைபடம் முதல் பாலத்துக்கு அருகிலுள்ள மிடில் பேங்க் கடற்புல் திட்டு வரை நீள வேண்டும். தடத்தின் ஓரத்தோடு நின்றுவிடக் கூடாது. கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். வாரக்கணக்கில் நீர் தெளியாமல் இருந்தால் அது வாடிவிடும்.

பட்டர்வொர்த் வாசகர்

மூவருக்கும் நன்றி. ஐயாவிடம் இன்னொரு கேள்வி: இவற்றையெல்லாம் சாதாரண மக்கள் எங்கே, எந்த வடிவில் சொல்ல முடியும்? கூட்டத்தில் இது கட்டாயம் கேட்கப்படும்.

ஓய்வுபெற்ற பொறியாளர், கோலாலம்பூர்

தஞ்சோங் பூங்காவின் மறுப்பு நியாயமானது. பராமரிப்புத் தூர்வாரலை நான் தொட்டிருக்க வேண்டும்.

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவும் எந்தத் திட்டங்களுக்கு மதிப்பீடு கட்டாயம் என்று பட்டியலிடும் 2015-ஆம் ஆண்டு ஆணையும் இதற்கு அடிப்படை. ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறித்த காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுத்து வடிவில் கருத்து அனுப்பலாம். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால், இழப்பீடு தரப்படும் என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துவிடும். பக்க எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்: கலங்கலின் தொடக்க அளவீடு இரண்டு பருவக்காற்றுக் காலங்களிலும் எடுக்கப்பட்டதா? நிறுத்தும் அளவு எத்தனை மணி நேரச் சராசரி? அளக்கும் மிதவைகளில் ஒன்றாவது கெராங் திட்டுக்குப் பக்கத்தில் இருக்குமா? அதன் அளவீடு அன்றன்றைக்கே மீனவர் சங்கத்துக்குக் கிடைக்குமா? ஜூரு நண்பரிடம் குஞ்சு விழும் மாதங்களைக் கேட்டு வாங்கி, அதையும் அந்தக் கடிதத்தில் சேருங்கள். ஆலோசக நிறுவனங்களிடம் பெரும்பாலும் இல்லாத தகவல் அது.