தாங்கற் கொள்ளளவா, தாங்குமளவா?

வணக்கம் மாஸ்ரர்,

முதலாம் வருடப் பொறியியல் பிள்ளைகளுக்கான சொற்பட்டியலில் ‘தாங்கற் கரைசல்’ (buffer: கொஞ்சம் அமிலமோ மூலமோ (base) விழுந்தாலும் பீ.எச். என்கிற அமில அளவீடு அதிகம் அசையாத கரைசல்) இருக்கட்டும். உயர்தரத்தில் அப்படித்தான் படித்துவிட்டு வருகிறார்கள். ‘தாங்கிக் கரைசல்’ கேட்டவருக்கு மட்டும் ஒன்று: யாழ்ப்பாணத்தில் தாங்கி என்றால் வளவுக்குள் நிற்கிற தண்ணீர்த் தாங்கி. அதற்குள் ஊற்றிவைத்த கரைசல் என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

என் பிணக்கு அடுத்த வரியோடு. ஒரு லீற்றர் கரைசலின் பீ.எச். ஓரலகு மாற எவ்வளவு அமிலமோ மூலமோ விழவேண்டும் என்பதை, வான் சிலைக் என்ற இரசாயனவியலாளர் 1922இல் வரையறுத்த அந்தக் கணியத்தை, ‘தாங்கற் கொள்ளளவு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதே மின்னிரசாயனப் பாடத்தில் மின்கலத்துக்கு அம்பியர்-மணியில் ஒரு கொள்ளளவு வருகிறது. மின்வாயின் மேற்பரப்பில் ஏற்றங்கள் இரண்டு படையாக நிற்கிற இரட்டைப்படைக்கு, பரட்டு (farad) என்ற அலகில் ஒரு கொள்ளளவம் வருகிறது. மூன்றாவதாக இதுவுமா? ‘தாங்குதிறன்’ என்றால் குடிசார் பொறியியல் பிள்ளைகளுக்கு அத்திவாரத்து மண்தான் ஞாபகம் வரும். ‘தாங்கற்றிறன்’ என்று புணர்த்தினாலோ, தாங்க வக்கற்றது போலக் கேட்கிறது!

நான் சொல்வது ‘தாங்குமளவு’. ஒரு கணக்கில் வைத்துப் பாருங்கள். அசற்றிக்கமிலம் 0.1 மூல், சோடியம் அசற்றேற்று 0.1 மூல், ஒரு லீற்றரில், பீ.எச். 4.76. அதில் 0.01 மூல் ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் 4.67க்குத்தான் இறங்கும். வெறும் நீரென்றால் 7இலிருந்து 2க்கு விழுந்திருக்கும். இனி அந்தக் கரைசலைப் பத்து மடங்கு ஐதாக்குங்கள். பீ.எச். ஏறத்தாழ அதேதான், ஆனால் அதில் ஒரு லீற்றருக்கு அதே 0.01 மூல் அமிலம் விட்டால் அசற்றேற்று முழுவதையும் தின்றுவிடும், பீ.எச். 3.2 அளவுக்குப் போய்விடும். தாங்குமளவு 0.115இலிருந்து 0.0115 ஆகிவிட்டது. பார்வைக்கு அதே உயரச் சுமைதாங்கி, கல்தான் மெல்லிசு.

---

தம்பி,

கொள்ளளவை விட்டுவிடுகிறேன், அது சரிவராது. ஆனால் ‘தாங்குமளவு’ என்றால் ‘எதுவரை தாங்கும்’ என்றும் படுமே? அமிலத்தின் பீ.கே.ஏ.க்கு (அமிலத்தில் பாதி அயனாகப் பிரிந்து நிற்கிற பீ.எச்.) மேலும் கீழும் ஓரலகு என்று நாங்கள் படிப்பிக்கிற எல்லையையும் பிள்ளை இதுதான் என்று நினைத்துவிடும்.

வகுப்பில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணிக்கும் ஒரு செம்பு மழைத்தண்ணிக்கும் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி விட்டுக் காட்டுவேன். எங்கள் சுண்ணக்கல் ஊறிய தண்ணியில் அமிலத்தைத் தின்கிற இருகாபனேற்று (bicarbonate) இருப்பதால் அதன் பீ.எச். அவ்வளவு அசையாது. ‘எந்தச் செம்பு கூடத் தாங்குது?’ என்றுதான் கேட்பேன். ‘எந்தச் செம்பின் கொள்ளளவு கூட?’ என்று கேட்டால் பிள்ளைகள் செம்பைத்தான் அளப்பார்கள்.

---

மாஸ்ரர், அந்த எல்லைக்குத் ‘தாங்கல் வீச்சு’ என்று தனியாக ஒரு வரி போடுவோம். வீச்சு கணிதத்திலேயே பழகின சொல். இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து நின்றால் குழம்பாது.

---

சரி. இரண்டையும் போடு. பீ.எச். அளக்கிற கண்ணாடி மின்வாய்க்கு வரும்போது திரும்பச் சண்டை பிடிப்பம்.